‘பைட் த புல்லட்’: எங்கே சொல்லலாம், எப்படித் தமிழாக்கலாம்?

மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த புதிதில், ‘பைட் த புல்லட்’ (bite the bullet, நேர்ப்பொருளில் ‘தோட்டாவைக் கடிப்பது’) என்ற ஆங்கிலத் தொடர் எங்கே வந்தாலும் ‘பல்லைக் கடித்துக்கொண்டு’ என்று எழுதிவிடுவேன். இரண்டிலும் கடிப்பது இருக்கிறதே, சரியாகத்தான் இருக்கும் என்ற நினைப்பு. பாதிதான் சரி.

பல்லைக் கடித்துக்கொண்டு வருடக்கணக்கில் ஒரு வேலையில் காலம் தள்ளலாம். அது பொறுமை. ஆங்கிலத் தொடர் சொல்வது, ‘இனியும் தள்ளிப்போட முடியாது’ என்று ஒரு கசப்பான காரியத்தில் இறங்கிவிடும் அந்த நேரத்தை. ஒருமுறை, சொன்ன தேதிக்குள் வேலையை முடிக்க முடியாது என்று தெரிந்தும் நான்கு நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன். ஐந்தாம் நாள் காலையில் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். ‘ஐ பிட் த புல்லட் அண்ட் கால்ட் தெம்.’ அந்த நான்கு நாள் தவிப்புக்கு இந்தத் தொடர் பொருந்தாது. ஐந்தாம் நாள் காலைக்குத்தான் பொருந்தும்.

வாக்கியத்தில் ‘அண்ட்’ போட்டு, செய்த காரியத்தைப் பின்னால் சேர்ப்பது வழக்கம். கடந்த காலத்துக்கு ‘பிட்’. ‘த’ மாறாது, ‘மை புல்லட்’ என்றெல்லாம் சொல்வதில்லை.

மயக்க மருந்து இல்லாத காலத்து அறுவை சிகிச்சையில் பிறந்த தொடர் என்று பலரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது பிரான்சிஸ் குரோஸ் தொகுத்த கொச்சைமொழி அகராதியின் 1796-ஆம் ஆண்டுப் பதிப்பில் இருக்கும் குறிப்பு: சவுக்கடி வாங்கும்போது கத்திவிடக் கூடாது என்று சில படைப்பிரிவுகளின் வீரர்கள் தோட்டாவை மெல்வார்களாம். தப்ப முடியாது, அழவும் கூடாது. அந்த மனநிலை தொடரில் இன்னும் இருக்கிறது. அதனால், உறவினரை இழந்து நிற்பவரிடம் தயவுசெய்து இதைச் சொல்லாதீர்கள். அவர் முன்னால் எடுக்க வேண்டிய முடிவு எதுவும் இல்லை, துக்கம்தான் இருக்கிறது.

‘டாட்ஜ் எ புல்லட்’ வேறு. அது மயிரிழையில் தப்புவது. ‘ஃபேஸ் த மியூசிக்’ என்றால் செய்த தவறின் விளைவை ஏற்பது.

தமிழில் எழுதும்போது, எதற்காகத் தயங்கினார்கள் என்று பாருங்கள். விளைவுக்குப் பயந்திருந்தால் ‘வருவது வரட்டும் என்று’ பொருந்தும். பிறருக்கு வலிக்குமே என்று தயங்கியிருந்தால் ‘மனதைக் கல்லாக்கிக்கொண்டு’. பல் பிடுங்கவோ கடனை அடைக்கவோ போகிறவருக்கு, ‘ஒருவழியாகத் துணிந்து’ என்றாலே போதும்.