ஆடிக் காற்றில் வள்ளத்தை நிறுத்திய கதை

குமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆடி மாதத்தில் அடிக்கும் காற்றை எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முப்பந்தல் காற்றாலைகள் சுழல்வதும் அதே காற்றில்தான். தோவாளைப் பக்கத்துக் குளம் ஒன்றில், குத்தகைக்காரரின் அனுமதியோடு வள்ளம் என்னும் சிறு படகில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தேன். வள்ளம் நகராமல் இருக்க, கல்லைக் கயிற்றில் கட்டி அதன் நடுவிலிருந்து இறக்குவேன். காற்று பக்கவாட்டில் தள்ள, வள்ளம் சுற்றிச் சுற்றி வரும். தூண்டில் நரம்பு தளர்ந்துவிடும், கெண்டை கடிப்பதே கைக்குத் தெரியாது. ஒருமுறை வள்ளம் சாய்ந்து தண்ணீரும் உள்ளே புகுந்தது. அன்று உண்மையிலேயே பயந்தேன்.

தாமரை பறிக்க வந்த பெரியவர்தான் வழி சொன்னார்: "மக்களே, இந்தச் சேற்றில் கல் நிற்காது. கழி ஊன்று."

தண்ணீர் ஆறடிதான். பன்னிரண்டடி மூங்கில் இரண்டை வெட்டி, நுனியைக் கூராகச் சீவினேன். வள்ளத்தின் மூக்கைக் காற்றுக்கு எதிரே திருப்பி, முதல் கழியை முன்பக்கம் சேற்றில் இறக்கிக் கட்டினேன். பிறகே பின்கழி. இந்த வரிசை மிக முக்கியம். பின்பக்கத்தை மட்டும் முதலில் கட்டினால் அலை உள்ளே ஏறும். கயிற்றில் ஒரு சாண் தளர்வு வைத்தேன், அவிழ்க்க எளிதான சுருக்குப் போட்டேன்.

வள்ளம் அசையவில்லை. அன்று மாலைக்குள் நான்கு கெண்டை, ஒரு விரால்.