வெயிலுக்கு ஒரு மாங்காய்ப் பானகம்

ஈரோடு, கோவைப் பக்கம் சித்திரை வெயில் ஏறும்போது உழவர் சந்தையில் மாங்காய் குவிந்துவிடும். பானகத்துக்குக் கிளிமூக்கு வேண்டாம், புளிப்பு போதாது. நன்றாகப் புளிக்கும் நாட்டு மாங்காயாக 2 வாங்குங்கள்.

காம்பைக் கிள்ளி, பால் வடிய அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு வையுங்கள். இதை விட்டால் தொண்டை கரகரக்கும். பிறகு தோலோடு குக்கரில் வேகவிடுங்கள். விறகடுப்பு இருந்தால் தணலில் சுடுவதே மேல். தோல் கருகி வெடிக்கும்போது எழும் புகைமணம் சதையிலும் இறங்கிவிடும்.

சதையை வழித்துப் பிசைந்துகொள்ளுங்கள். கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை ஒரு டம்ளர் எடுத்து, தண்ணீரில் கரைத்து அவசியம் வடிகட்டுங்கள். அடியில் மண் நிற்கும். இரண்டையும் கலந்து உப்பு, வறுத்துப் பொடித்த சீரகம், துளி சுக்கு சேருங்கள். வெள்ளைச் சர்க்கரை போட்டால் இனிப்பு வரும், மணம் வராது.

இந்த விழுதை ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். வேண்டும்போது ஒரு பங்குக்கு மூன்று பங்கு பானைத் தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இனிப்பை விட்டு, மோர் போல உப்பும் சீரகமும் மட்டும் போட்டுக் குடிக்கலாம்.