பள்ளிப் பதிவேட்டில் இனம்: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

அக்டோபர் 1 நெருங்கும்போது அமெரிக்கப் பள்ளி மாவட்ட அலுவலகங்களில் பரபரப்பு தொற்றிக்கொள்ளும். அன்றைய நிலவரப்படி எத்தனை மாணவர்கள், எந்த வகுப்பு, எந்த இனம் என்ற கணக்கு மாநிலத்துக்குப் போய், அங்கிருந்து மத்தியக் கல்வித் துறைக்குப் போக வேண்டும். தரவுப் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்கள் வருடா வருடம் சறுக்குவது இங்கேதான். அவர்களுக்கு முன் வந்தவர்களும் அதே படியில்தான் சறுக்கினார்கள். பெயரில் எழுத்துப்பிழை, ஒரே பிள்ளை இரண்டு முறை பதிவாவது போன்றவை சரிபார்ப்பு நிரலிலேயே மாட்டிக்கொள்ளும், அவற்றை விட்டுவிடலாம். சத்தமே போடாமல் உள்ளே நுழைந்து உட்கார்ந்துவிடும் தவறுகள்தான் ஆபத்து.

முதலில் அடிப்படை. 2007 அக்டோபரில் கல்வித் துறை வெளியிட்ட வழிகாட்டுதல்படி படிவத்தில் இரண்டு கேள்விகள் இருக்கும். ஒன்று, ஹிஸ்பானிக் அல்லது லத்தீனோவா (ஸ்பானிய, லத்தீன் அமெரிக்க வழி வந்தவரா), ஆமா இல்லையா. இரண்டு, இனம். அமெரிக்கப் பழங்குடி அல்லது அலாஸ்கா பூர்வகுடி, ஆசியர், கறுப்பினத்தவர், ஹவாய் அல்லது பசிபிக் தீவினர், வெள்ளையர் என ஐந்து கட்டங்கள்; எத்தனை வேண்டுமானாலும் டிக் அடிக்கலாம். மேலே அனுப்பும்போது மட்டும் இந்த விடைகள் ஏழு பிரிவுகளாகச் சுருங்கும்: ஹிஸ்பானிக் (எந்த இனமானாலும்), ஐந்து தனி இனங்கள், 'இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இனங்கள்'.

கேட்பது ஒரு வடிவம், அனுப்புவது இன்னொரு வடிவம். இந்த வித்தியாசம் மனதில் பதியாததால் வருவதுதான் அடுத்த தவறு.

சுருக்கிய விடையை மட்டும் சேமிப்பது

ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். அம்மா நவஹோ பழங்குடி, அப்பா மெக்சிகோ வழி. படிவத்தில் ஹிஸ்பானிக் 'ஆம்'. இனத்தில் அமெரிக்கப் பழங்குடியும் வெள்ளையரும் டிக். பதிவு மேசையில் இருப்பவருக்கு அல்லது மென்பொருளை அமைத்தவருக்கு, கடைசியில் போகப்போவது 'ஹிஸ்பானிக்' என்று தெரியும். 'எதற்கு ஆறு காலம் (அட்டவணையின் நெடுவரிசை), ஒன்று போதாதா' என்று 'இனம் = ஹிஸ்பானிக்' என்று மட்டும் பதிந்துவிடுகிறார். அறிக்கை சரியாகவே போகும். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

அந்தப் பிள்ளை பழங்குடி என்பது அந்த நிமிடத்தோடு பதிவேட்டிலிருந்து போய்விட்டது. காகிதப் படிவம் இருக்கும்வரை மீட்கலாம். மூல விடைகளை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. தணிக்கையோ வழக்கோ நடந்தால் அது முடியும்வரை. மூன்று வருடம் கழித்துப் படிவங்கள் அழிக்கப்பட்டால் மறுபடி அந்தக் குடும்பத்தைத்தான் கேட்க வேண்டும். பிள்ளை அதற்குள் வேறு ஊருக்கே போயிருக்கும்.

இதில் எரிச்சலூட்டுவது, இது செலவை மிச்சம் பிடிக்கும் தவறு கூட இல்லை என்பதுதான். ஆறு ஆம்/இல்லை காலங்கள் எந்த சர்வரையும் நிரப்பிவிடாது. அறிக்கை எப்படிக் கேட்கிறதோ அப்படியே அட்டவணையை அமைக்கும் சோம்பல், அவ்வளவுதான்.

இதன் விலை எங்கே தெரியும் என்றால், சிறப்புக் கல்விக் கணக்கில். மாற்றுத்திறன் மாணவர் கல்விச் சட்டப்படி, ஏதாவது ஓர் இனத்துப் பிள்ளைகள் அளவுக்கு மீறிச் சிறப்புக் கல்விக்குத் தள்ளப்படுகிறார்களா என்று மாநிலம் பார்க்கும். கணக்கு எளிது: அந்த இனத்தில் சிறப்புக் கல்வி பெறுவோரின் விகிதத்தை, மற்ற எல்லோரிலும் பெறுவோரின் விகிதத்தால் வகுக்க வேண்டும். சிறப்புக் கல்வி பெறுவோர் எண்ணிக்கை ஒரு மென்பொருளிலிருந்தும், மொத்த மாணவர் எண்ணிக்கை வேறொரு மென்பொருளிலிருந்தும் வரும். வம்பு இங்கேதான்.

மாவட்டத்தில் 2,000 பிள்ளைகள். சுருக்கிய பிரிவின்படி பழங்குடி 80 பேர், மற்றவர்கள் 1,920. சிறப்புக் கல்வி மென்பொருளில் ஆசிரியர் எப்போதோ கையால் பதிந்த ஒற்றைக் குறியீடு இருக்கிறது. அதன்படி பழங்குடி 32 பேர், மற்றவர்கள் 192. 80-இல் 32 என்றால் 40 சதவீதம். 1,920-இல் 192 என்றால் 10 சதவீதம். விகிதம் 4.0. மாநிலம் வைத்த எல்லை 3 என்றால் மாவட்டம் மாட்டிக்கொண்டது. விளைவு, அந்தச் சட்டத்தின் பி பிரிவில் வரும் பணத்தில் 15 சதவீதத்தை முன்கூட்டிய தலையீட்டுக்கென்று கட்டாயம் ஒதுக்கிவைக்க வேண்டும். ஆண்டுக்கு 20 லட்சம் டாலர் வரும் மாவட்டத்துக்கு அது 3 லட்சம்.

இப்போது அந்த 32 பேரின் மூல விடைகளைப் பாருங்கள். 20 பேர் சுருக்க விதிப்படி ஹிஸ்பானிக்கிலோ 'இரண்டு அல்லது மேற்பட்ட' பிரிவிலோ வர வேண்டியவர்கள். மொத்த எண்ணிக்கையில் அவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். சிறப்புக் கல்விக் கணக்கில் மட்டும் இங்கே. சரிசெய்தால் 80-இல் 12, அதாவது 15 சதவீதம். மற்றவர்களில் 1,920-க்கு 212, சுமார் 11 சதவீதம். விகிதம் 1.36. இரண்டு எண்ணிக்கையும் ஒரே விதியில் வந்திருந்தால் பிரச்சினையே எழுந்திருக்காது. மூல விடை கையில் இல்லாத மாவட்டத்தால் இதை நிரூபிக்கவும் முடியாது. தலைகீழாகவும் நடக்கும்: உண்மையிலேயே ஒரு பிரிவு அநியாயமாகத் தள்ளப்பட்டுக்கொண்டிருக்க, குறியீட்டுக் குளறுபடி அதை மறைத்துவிடும். அது இதைவிட மோசம்.

சரியான அமைப்பு இதுதான். ஹிஸ்பானிக் கேள்விக்கு ஒரு காலம், இனத்துக்கு ஐந்து காலம். விடை தந்தது பெற்றோரா, மாணவரா, பள்ளி ஊழியரா என்பதற்கு ஒன்று. தேதிக்கு ஒன்று, படிவத்தின் பதிப்புக்கு ஒன்று. ஏழு பிரிவில் எது என்பது கணக்கிட்டு வரும் காலம். அதைக் கையால் திருத்த யாருக்கும் அனுமதி இருக்கக் கூடாது. மற்ற எல்லா மென்பொருளும், சிறப்புக் கல்வி, பேருந்து, மதிய உணவு எதுவானாலும், தனியாக இனம் பதியாமல் இங்கிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

நிரல் எழுதும்போது வரிசை முக்கியம். ஹிஸ்பானிக் 'ஆம்' என்றால் அங்கேயே நிறுத்து. அதன்பிறகுதான் எத்தனை இனம் என்று எண்ணு. இனத்தை முதலில் எண்ணும் நிரல், மேலே சொன்ன நவஹோ பிள்ளையை 'இரண்டு அல்லது மேற்பட்ட' பிரிவில் கொண்டுபோய்ப் போட்டுவிடும். இன்னொன்று, காலியாக விட்ட ஹிஸ்பானிக் கேள்வியை 'இல்லை' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். காலி என்றால் பதில் வரவில்லை, அவ்வளவுதான்.

'அமெரிக்கன் இந்தியன்' என்ற கட்டம்

சென்னையிலிருந்து போன பெற்றோர், பிள்ளை பிறந்தது நியூ ஜெர்சியில். படிவத்தில் 'அமெரிக்கன் இந்தியன்' என்று ஒரு கட்டம். இதைவிடப் பொருத்தமாக நம் பிள்ளைக்கு என்ன இருக்க முடியும் என்று டிக் அடித்துவிடுவார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. இந்தியத் துணைக்கண்டம் 'ஆசியர்' கட்டத்தில் வருகிறது என்பதைப் படிவம் சொல்லவில்லை என்றால் குற்றம் படிவத்தின் மேல்தான்.

கண்டுபிடிப்பது சுலபம். ஐ.டி. குடும்பங்கள் குடியேறும் புறநகரில் பழங்குடி எண்ணிக்கை ஒரே வருடத்தில் ஏறினால், வீட்டு மொழியோடு சேர்த்துப் பாருங்கள். தமிழ், தெலுங்கு, குஜராத்தி என்று வரிசையாக வரும். அதற்காக மொழியைப் பார்த்து நீங்களே மாற்றிவிடாதீர்கள். ஒரு பெற்றோர் தமிழராகவும் மற்றவர் செரோக்கிப் பழங்குடியினராகவும் இருக்கக்கூடும். போன் போட்டுக் கேளுங்கள். இரண்டு நிமிட வேலை.

படிவத்தைத் தமிழில் பெயர்க்கிறவர்களுக்கு: 'அமெரிக்க இந்தியர்' என்று எழுதினால் தவறை மொழிபெயர்த்தே கொடுக்கிறீர்கள். 'அமெரிக்கப் பழங்குடியினர்' என்று எழுதி, ஆசியர் கட்டத்தின் பக்கத்தில் 'எடுத்துக்காட்டாக இந்தியா, சீனா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ்' என்று சேருங்கள்.

பழங்குடிக் கல்வி மானியத்துக்கான இ.டி. 506 படிவமும் இந்தக் கட்டமும் வேறு வேறு. அந்தத் தலைக்கணக்கை இனக் காலத்திலிருந்து எடுக்கவே கூடாது.

'மற்றவை'

வைக்காதீர்கள்.

'தெரியாது'

கல்லூரிகளுக்கு அந்தப் பிரிவு உண்டு. பள்ளிகளுக்குக் கிடையாது.

பெயரைப் பார்த்து இனம் எழுதுவது

பெற்றோர் விடை தராவிட்டால் பள்ளி ஊழியரே பார்த்துக் குறிக்க வேண்டும் என்பது விதி. பலருக்கு இது சங்கடமாக இருக்கும், இருக்கத்தான் வேண்டும். அதனால்தான் அது கடைசிப் படி. படிவத்தை மறுபடி அனுப்பி, வீட்டு மொழி தெரிந்தவரை வைத்துப் போனில் பேசி, நீங்கள் சொல்லாவிட்டால் நாங்கள் குறிக்க வேண்டியிருக்கும் என்று தெரிவித்த பிறகுதான் அங்கே போக வேண்டும். விடை தரவில்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது.

நடப்பது என்னவென்றால், மேசையில் இருப்பவர் குடும்பப் பெயரைப் பார்த்து முடித்துவிடுகிறார். ஃபெர்னாண்டோ என்றால் ஹிஸ்பானிக். அந்த ஃபெர்னாண்டோ தூத்துக்குடியிலிருந்தோ நீர்கொழும்பிலிருந்தோ வந்திருக்கலாம். ஊழியர் குறித்த விடைகளுக்குத் தனி அடையாளம் வைத்திருந்தால், அடுத்த ஆண்டு மறுபதிவின்போது அந்தக் குடும்பங்களை மட்டும் திரும்பக் கேட்கலாம்.

ஒரு கட்டத்தை மட்டும் மறைப்பது

10 பேருக்குக் குறைவான பிரிவை வெளியிடக் கூடாது என்று மாநில விதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐந்தாம் வகுப்பில் மொத்தம் 60 பேர், தேர்ச்சி 41. ஹிஸ்பானிக் 34, தேர்ச்சி 24. வெள்ளையர் 22, தேர்ச்சி 17. பழங்குடிக்கு நேராக நட்சத்திரக் குறி. மறைத்தாகிவிட்டது என்று திருப்தி.

60-இலிருந்து 56-ஐக் கழித்தால் 4 பேர். 41-இலிருந்து 41-ஐக் கழித்தால் 0. அந்த வகுப்பின் நான்கு பழங்குடிப் பிள்ளைகளும் தோற்றார்கள் என்று ஊருக்கே சொல்லியாயிற்று. சின்ன ஊரில் அந்த நால்வர் யாரென்று எல்லோருக்கும் தெரியும்.

ஒன்றை மறைத்தால் அடுத்த சிறிய பிரிவையும் சேர்த்து மறைக்க வேண்டும், இங்கே வெள்ளையர். அதோடு மாவட்டத் தாளையும் பாருங்கள்: மாவட்ட மொத்தத்திலிருந்து மற்றப் பள்ளிகளின் எண்களைக் கழித்தால் மறைத்தது வெளியே வருகிறதா? 12 பேர் உள்ள பிரிவுகூட, எல்லோரும் தோற்று '0%' என்று அச்சானால் ஒவ்வொருவர் மதிப்பெண் நிலையும் அம்பலம்தான். அங்கே துல்லியமான எண்ணுக்குப் பதிலாக 'இத்தனை சதவீதத்துக்குக் கீழ்' என்று ஒரு வரம்பைப் போடுவது வழக்கம். மாணவர் தனியுரிமைச் சட்டம் 1974-லேயே வந்துவிட்டது; கழித்தல் அதற்கு வெகு காலத்துக்கு முன்பிருந்தே புழங்கும் கணக்கு என்பதைத்தான் மறந்துவிடுகிறோம்.

2010-க்கு முன்னும் பின்னும் ஒரே கோட்டில் வரைவது

2010–11-க்குள் எல்லாப் பள்ளிகளும் இப்போதைய முறைக்கு மாறியாக வேண்டியிருந்தது. ஆசியரும் பசிபிக் தீவினரும் அதற்கு முன் ஒரே பிரிவு. 'இரண்டு அல்லது மேற்பட்ட' என்ற பிரிவு அப்போது இல்லை. வரைபடத்தில் கோடு சரிந்தால் பிள்ளைகள் போய்விட்டார்கள் என்று அர்த்தமில்லை. அந்த ஆண்டில் கோட்டை வெட்டுங்கள்.

இன்னொரு வெட்டு வரப்போகிறது. 2024 மார்ச்சில் மத்திய அரசு தரத்தைத் திருத்தியது. இரண்டு கேள்விகள் ஒன்றாகின்றன. மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்கா வெள்ளையர் பிரிவிலிருந்து தனியாகப் பிரிகிறது. ஆசியருக்குள் சீனர், இந்தியர், பிலிப்பினோ, வியட்நாமியர், கொரியர், ஜப்பானியர் என்று உட்கட்டங்கள். இதில் சேராதவர்கள் எழுதிக்கொடுக்க ஓர் இடம். அந்த இடத்தில் யாராவது 'தமிழ்' என்று எழுதினால், அதை 'ஆசிய இந்தியர்' என்று தானாக மாற்றும் விதி எழுதாதீர்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பமும் அதையேதான் எழுதும். ஆசியர் என்ற மட்டத்தில் நிறுத்தி, எழுதியதை எழுதியபடியே தனிக் காலத்தில் வையுங்கள்.