தற்காலிக கிரீனில் கோல்ஃப் ஆடுவது எப்படி? முதல் குளிர்காலத்துக்கு ஒரு செய்முறை விளக்கம்

இங்கிலாந்தில் குளிர் தொடங்கிவிட்டால் கிளப் அறிவிப்புப் பலகையில் அடிக்கடி ஒரு வரி தென்படும்: "இன்று தற்காலிக கிரீன்கள்." கிரீன் என்பது குழியும் கொடியும் இருக்கும், மிகக் குட்டையாக வெட்டிய புல்தரை; உறைபனி நாட்களில் அதை மூடிவிட்டு வேறோர் இடத்தில் தற்காலிகமாக ஒன்றைப் போடுவார்கள். இந்த அறிவிப்பைப் பார்த்தவுடன் முன்பதிவை ரத்து செய்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுபவர்கள் பலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. தூரத்தைக் கணிக்கவும், பந்தைத் தரையோடு உருட்டி விடவும் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல காலம் கிடையாது. கூட்டம் குறைவு. பல கிளப்களில் கட்டணமும் குறைவு.

லண்டனுக்கு வடக்கே, களிமண் நிலத்தில் அமைந்த மைதானம் ஒன்றில் ஆடுகிறேன். களிமண் தண்ணீரை விடாது. மழை பெய்தால் தேங்கும், இரவில் வானம் தெளிந்தால் உறையும். ஆகவே குளிர்காலத்தின் பெரும்பகுதி எங்களுக்குத் தற்காலிக கிரீன்தான். கடலோர மணல் மைதானங்களில் ஆடுபவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. மணல் உடனே வடிந்துவிடும், கடற்காற்றில் உறைபனியும் அதிகம் தங்காது.

பந்தடிக்கும் கிளப்களின் (மட்டைகளின்) பெயர்கள், பிடி, ஸ்விங் எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

முதலில், வழக்கமான கிரீன்களை ஏன் மூடுகிறார்கள்?

உறைபனிக் காலையில் புல்லிதழுக்குள் இருக்கும் நீர் பனிக்கட்டியாகிவிடுகிறது. அதன்மேல் கால் வைத்தால் செல்கள் உடைகின்றன. அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. பிறகு பார்த்தால் ஷூவின் அடித்தடம் அச்சுப் போட்டதுபோல் கறுத்து, பழுப்பாகி, வாரக்கணக்கில் அப்படியே நிற்கும். ஃபேர்வேயின் (கிரீன் வரை செல்லும் புல்வெளிப் பாதையின்) புல் நீளமானது, எப்படியோ தாங்கிக்கொள்ளும். ஐந்து மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டப்பட்ட கிரீன் தாங்காது.

"வெயில் வந்துவிட்டதே, இன்னும் ஏன் திறக்கவில்லை?" என்று கேட்பவர்கள் உண்டு. உண்மையில் பனி உருகும் நேரம்தான் இன்னும் ஆபத்தானது. மேல்மண் இளகியிருக்கும், அடியில் உறைந்தே இருக்கும். மேலே நடக்கும்போது இளகிய அடுக்கு நகர்கிறது, உறைந்த அடுக்கில் மாட்டியிருக்கும் வேர்கள் அறுந்துபோகின்றன. கிரீன்கீப்பர்கள் விடியும் முன்பே வந்து, மண்ணைக் குத்திப் பார்த்துத்தான் இந்த முடிவை எடுக்கிறார்கள். அவர்களோடு வாதாடாதீர்கள்.

மூடியதும், வழக்கமான கிரீனுக்கு முன்னால் ஃபேர்வேயில் ஒரு துண்டு நிலத்தைக் குட்டையாக வெட்டி, குழி போட்டு, கொடி நடுகிறார்கள். அதுதான் தற்காலிக கிரீன். ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் கிரீன்களில் துளையிட்டு மண்ணுக்குக் காற்றோட்டம் கொடுக்கும் வேலை நடக்கும்போதும் சில இடங்களில் இப்படிச் செய்வார்கள்.

படி 1: புறப்படும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்

பதினெட்டுக் குழியும் தற்காலிகமா, சில மட்டுமா? தள்ளுவண்டிக்குத் தடை உண்டா? பந்தை எடுத்துத் துடைத்து வைக்கும் குளிர்கால விதி அமலில் இருக்கிறதா, இருந்தால் ஆறு அங்குலமா, ஒரு கிளப் நீளமா? அலுவலகத்துக்கு ஒரு போன் செய்தால் எல்லாம் தெரிந்துவிடும்.

படி 2: பை

வண்டிக்குத் தடை இருந்தால் தோளில்தான் சுமக்க வேண்டும். பாதி கிளப்களை வீட்டில் வைத்துவிடுங்கள். நான் எடுத்துப்போவது ஒரு ஹைபிரிட், 6, 8 அயன்கள், பிட்சிங் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ், பட்டர். டிரைவர் பெரும்பாலும் தேவைப்படாது. குழி முன்னால் வந்துவிட்டதால், குட்டையான பார் 4 குழிகளில் (நான்கு அடிகளில் முடிக்க வேண்டியவை) டிரைவரால் அடித்தால் பந்து கொடியைத் தாண்டிப் போய்விடும்.

பந்து மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறத்தில் இருக்கட்டும். உறைபனியில் வெள்ளைப் பந்தைத் தேடுவது வீண் வேலை. பந்தை நிறுத்தி அடிக்க உதவும் மரத்தாலான டீ உறைந்த மண்ணில் இறங்காது. தரைமேல் நிற்கும் ரப்பர் டீ இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள், விலை மிகக் குறைவு. துடைக்க இரண்டு துண்டு, இரண்டு ஜோடிக் கையுறை. இவற்றோடு ஒரு லேசர் தூரமானி. அது ஏன் என்று அடுத்த படியில் சொல்கிறேன்.

படி 3: தூரம்

புதிதாக வருபவர்கள் எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான். கிரீனில் பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டிங்தான் சிரமமாக இருக்கும் என்று நினைத்து வருகிறார்கள். ஸ்கோர் கெடுவதோ அதற்கு முந்தைய அடியில்.

கைக்கடிகார ஜிபிஎஸ், போன் செயலி இரண்டிலும் பதிந்திருப்பது வழக்கமான கிரீனின் முன், நடு, பின் தூரங்கள். இன்று கொடி இடம் மாறியிருப்பது அவற்றுக்குத் தெரியாது. ஃபேர்வேயில் நட்டிருக்கும் 150 கெஜக் கம்பமும் அப்படித்தான். அது சொல்வது பழைய கிரீனுக்கான தூரம்.

கண்ணும் ஏமாற்றும். பங்கர் எனும் மணல்பள்ளங்கள், மேடுகள், பின்னால் மரவரிசை என்று மைதானத்தை வடிவமைத்தவர் எல்லாவற்றையும் உங்கள் பார்வை வழக்கமான கிரீனில் போய் விழும்படி அமைத்திருக்கிறார். தற்காலிகக் கொடியோ ஒன்றுமில்லாத வெளியில் தனியாக நிற்கிறது. கொடியைத்தான் பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டே கை கிரீனுக்கான வேகத்தில் வீசிவிடும்.

லேசர் இருந்தால் கொடியைப் பிடித்து அளந்துவிடலாம். ஆனால் கொடிக்குப் பின்னால் மரங்கள் இருந்தால் கருவி மரத்தின் தூரத்தைக் காட்டிவிடக்கூடும். முன்னால் இருக்கும் பொருளை முதலில் பிடிக்கும் அமைப்பை இயக்குங்கள், இரண்டு முறை அளந்து ஒரே எண் வருகிறதா என்று பாருங்கள். போட்டி என்றால் மேடு பள்ளம் கணக்கிடும் வசதியை அணைத்துவிடுங்கள், அதற்கு விதியில் அனுமதி இல்லை. குளிர்காலத்துக்கு லேசர், கோடைக்குக் கடிகாரம் என்பது என் தீர்மானமான கருத்து. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் லேசரையே வாங்குங்கள்.

லேசர் இல்லையென்றாலும் வழி உண்டு. ஓர் உதாரணம். நீங்கள் 150 கெஜக் கம்பத்தின் அருகில் நிற்கிறீர்கள். கம்பம் கிரீனின் நடுவுக்கு அளக்கப்பட்டது (ஸ்கோர் அட்டையின் பின்பக்கம் பாருங்கள், சில கிளப்களில் முன்விளிம்புக்கு அளப்பார்கள்). தற்காலிகக் கொடி கிரீனின் முன்விளிம்பிலிருந்து 40 எட்டு முன்னால் இருக்கிறது (நடக்கும் ஓர் எட்டை ஒரு கெஜம் என்று வைத்துக்கொள்ளுங்கள்). கிரீன் 30 கெஜ ஆழம், அதாவது முன்விளிம்பிலிருந்து நடுவுக்கு 15. ஆக 40 + 15 = 55. 150 இல் 55 போனால் 95. கையில் 7 அயனோடு நிற்பவருக்குத் தேவை வெட்ஜ்!

அந்த 40 எட்டை எப்படித் தெரிந்துகொள்வது? தற்காலிக கிரீன்கள் வழக்கமாக ஒரே இடத்தில்தான் வெட்டப்படும். ஒருமுறை ஆடும்போது ஒவ்வொரு குழியிலும் கொடியிலிருந்து பழைய கிரீனின் முன்விளிம்பு வரை நடந்து அளந்து, ஸ்கோர் அட்டையில் குறித்துவையுங்கள். அந்தக் குளிர்காலம் முழுவதும் உதவும்.

இன்னொரு பழக்கம்: கிளப்பை எடுக்கும் முன் தூரத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். "தொண்ணூற்றைந்து." வாயால் சொன்ன எண்ணுக்குக் கை கட்டுப்படுகிறது.

படி 4: பந்தை எங்கே இறக்குவது

கொடியைப் பார்ப்பதற்கு முன் தரையைப் பாருங்கள். நடந்து வரும்போதே ஃபேர்வேயில் குதிகாலை அழுத்திப் பாருங்கள்.

தரை கல்லாக இருந்தால் பந்தை உயரத் தூக்காதீர்கள். மேலிருந்து விழும் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது. 8 அயனை எடுத்துத் தாழ்வாகத் தட்டி, கொடிக்கு இருபது முப்பது கெஜம் முன்னாலேயே இறக்கி ஓடவிடுங்கள். ஸ்காட்லாந்தின் கடலோர மைதானங்களில் காலங்காலமாக ஆடிவரும் முறை இது. உள்நாட்டு மைதானங்களில் கோடை முழுவதும் வெட்ஜால் தூக்கியே பழகியவர்களுக்கு இதைக் கற்றுக்கொள்ளக் கிடைக்கும் வாய்ப்பு உறைபனிக் காலை.

தரை சொதசொதவென்று இருந்தால் நேர்மாறு. இறங்கிய இடத்திலேயே பந்து நின்றுவிடும், ஆகவே கொடிவரைக்கும் பறக்க வேண்டும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, பந்து கோடையில் பறக்கும் தூரம் பறக்காது. ஒரு கிளப் கூட்டி எடுத்து, மெதுவாக வீசுங்கள். பந்து விழுந்த வேகத்தில் தான் உண்டாக்கிய பள்ளத்திலேயே புதைந்துவிட்டால் கவலை வேண்டாம், 16.3 விதிப்படி தண்டனையின்றி எடுத்து அருகில் டிராப் செய்யலாம் (கையிலிருந்து கீழே விடலாம்). பங்கர் மணலில் இந்தச் சலுகை இல்லை.

படி 5: பட்டிங்

கிரீனின் வேகத்தை அளக்க ஸ்டிம்ப்மீட்டர் என்று ஒரு கருவி உண்டு. 1935 இல் எட்வர்ட் ஸ்டிம்ப்சன் உருவாக்கியது. இன்று பயன்படுவது 36 அங்குல அலுமினியப் பட்டை. பட்டையின் ஒரு முனையைத் தூக்கினால் பந்து தானாக உருண்டு இறங்கும். அது எத்தனை அடி தூரம் ஓடுகிறதோ அதுதான் வேகம். கோடையில் 9, 10 காட்டும் மைதானத்தில், ஃபேர்வே புல்லில் வெட்டிய தற்காலிக கிரீன் அதில் பாதி காட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாதி வேகம் என்றால் கணக்கு எளிது. குழி பத்தடி தொலைவில் இருந்தால் இருபதடியில் இருப்பதாக நினைத்துத் தட்டுங்கள். ஐந்தடியென்றால் பத்தடி. வேகமாகத் தட்டும்போது சரிவில் பந்து வளைவதும் குறைந்துவிடும், வழக்கமாகப் பார்க்கும் வளைவில் பாதி போதும். மூன்றடிக்குள் என்றால் வளைவே பார்க்காமல் குழியின் பின்சுவரில் நேராக அடியுங்கள்.

பந்து புல்லில் சற்று அமிழ்ந்துதான் கிடக்கும். இடது காலை நோக்கிக் கொஞ்சம் முன்னால் வைத்துத் தட்டினால், பள்ளத்திலிருந்து எழும்பி உருளத் தொடங்கும். முகத்தின் சாய்வு சற்றுக் கூடுதலாக உள்ள பழைய பட்டர் ஒன்று வீட்டில் இருந்தால் அதை எடுத்து வாருங்கள். பளிச்சென்ற கோடை கிரீனுக்காகச் செய்த இன்றைய பட்டர்களைவிட இந்தப் புல்லுக்கு அதுவே பொருத்தம்.

தற்காலிகமானாலும் அது கிரீன்தான். அடையாளம் வைத்துப் பந்தை எடுத்துத் துடைக்கலாம், பந்து விழுந்த பள்ளங்களைச் சரிசெய்யலாம், கொடியை எடுக்காமலே தட்டலாம். எல்லையை வெள்ளைக் கோடு காட்டும். கோடு இல்லாமல் வெறும் கொடி மட்டும் இருந்தால், முதல் குழியிலேயே உடன் ஆடுபவர்களோடு பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

படி 6: பழைய கிரீனில் பந்து போய் விழுந்தால்

இது நிச்சயம் நடக்கும். தற்காலிக கிரீன் அமலில் இருக்கும்போது அந்தக் குழியின் வழக்கமான கிரீன் விதிப்புத்தகத்தின்படி "தவறான கிரீன்." அதன்மேல் கிடக்கும் பந்தை அங்கிருந்து அடிக்கக் கூடாது. பந்து வெளியே கிடந்து உங்கள் கால் கிரீனில் படுகிறது என்றாலும் கூடாது. 2019 விதிமாற்றத்திலிருந்து இப்படி. 13.1f விதிப்படி விலகியே ஆகவேண்டும். மீறினால் மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் ஆட்டத்தில் இரண்டு தண்டனை அடிகள், குழிக்குக் குழி வெற்றியை எண்ணும் மேட்ச் ஆட்டத்தில் அந்தக் குழியே போய்விடும்.

விலகுவதற்குத் தண்டனை இல்லை. கிரீன் பந்துக்கும் காலுக்கும் ஸ்விங்குக்கும் தடையாக இல்லாத மிக அருகிலுள்ள இடத்தைக் கண்டுபிடியுங்கள். அது குழிக்கு நெருக்கமாக இருக்கக் கூடாது. அங்கிருந்து ஒரு கிளப் நீளத்துக்குள், முழங்கால் உயரத்திலிருந்து டிராப் செய்யுங்கள்.

உறைந்த கிரீனின் நடுவே கிடக்கும் பந்தை எடுக்க நடந்துபோவதா? வேண்டாம். விலகும்போது அதே பந்தைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று விதி சொல்லவில்லை, வேறு பந்தைப் பயன்படுத்தலாம். விளிம்பில் நின்றபடி, தண்ணீரிலிருந்து பந்து எடுக்கும் நீட்டுக்கோலால் எட்டினால் எடுங்கள். எட்டாவிட்டால் விட்டுவிடுங்கள். ஒரு பந்தின் விலைக்காக, ஏப்ரல் வரை எல்லோரும் பார்க்கும்படி ஒரு காலடித் தடத்தை விட்டுவராதீர்கள்.

வாசகர்கள் கேட்டபின் சேர்த்தவை

*"பந்து பழைய கிரீனின் பின்னால் கிடக்கிறது, கிரீன் குறுக்கே இருக்கிறது. விலகலாமா?"* முடியாது. போகும் பாதையில் கிரீன் இருப்பது தடையாகக் கருதப்படாது. வெட்ஜால் தூக்கி, கிரீனைத் தாண்டி அனுப்புங்கள்.

*"எங்கள் கிளப்பில் குழியைப் பெரிதாக வெட்டியிருக்கிறார்கள்."* சில இடங்களில் இருக்கிறது. நட்பு ஆட்டத்துக்குப் பரவாயில்லை, ஆட்டமும் விரைவாக நகரும். ஆனால் விதிப்படி குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர்தான். அந்த ஸ்கோரை ஹேண்டிகேப்புக்கு (ஆட்டத் திறனைக் காட்டும் எண்ணுக்கு) கொடுக்க நினைக்காதீர்கள். குழி சரியான அளவில் இருந்தாலும் மைதானத்தின் நீளம் குறைந்திருக்கும். எனவே அன்றைய ஸ்கோர் ஏற்கப்படுமா என்று ஆடத் தொடங்கும் முன்பே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

*"குழிக்குள் தண்ணீர் உறைந்து கிடந்தது, பந்து முழுதாக உள்ளே இறங்கவில்லை."* கொடியை எடுக்காமல் ஆடுங்கள். பந்து கொடிக்கம்பத்தில் சாய்ந்து நின்று, அதன் ஒரு பகுதி தரைமட்டத்துக்குக் கீழே இருந்தாலே குழியில் விழுந்ததாகக் கணக்கு.

*"வசந்தத்தில் வழக்கமான கிரீன்களைத் திறந்துவிட்டார்கள், என் பந்து பழைய தற்காலிக கிரீனில் கிடக்கிறது. இதுவும் தவறான கிரீனா?"* பயன்பாட்டில் இல்லாத தற்காலிக கிரீன் வெறும் ஃபேர்வேதான். கிடக்கும் இடத்திலிருந்தே அடிக்க வேண்டும். அந்த இடத்தைப் பழுதுபார்ப்பு நிலமாகக் கிளப் அறிவித்திருந்தால் மட்டும் விலகலாம். அந்த அறிவிப்பு ஸ்கோர் அட்டையிலோ பலகையிலோ இருக்கும்.