டீத் தண்ணீர் கொதிக்க வைக்க எது சிக்கனம்? நீங்களே கணக்குப் போடலாம்

எங்கள் வீட்டில் காலையில் இரண்டு பேருக்குக் கட்டன் டீ. பாத்திரத்தில் பிடிப்பது என்னவோ நாலு பேருக்கான தண்ணீர். கெட்டிலா, இண்டக்ஷனா என்று கடையில் விசாரிப்பதற்கு முன் இதைத்தான் திருத்த வேண்டியிருந்தது.

1. டம்ளரால் அளந்து ஊற்றுங்கள்

28 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்கச் சுமார் 300 கிலோஜூல் வெப்பம் வேண்டும். கரண்ட் கணக்கில் 0.084 யூனிட். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய அடுப்பானாலும் இதற்குக் கீழே போகாது. தண்ணீர் பாதியானால் செலவும் பாதி.

2. மூடி போடுங்கள், கொதி வந்ததும் அணையுங்கள்

நான் ரொம்ப நாள் கண்டுகொள்ளாதது இது. கொதிக்கும் தண்ணீரில் 100 மில்லி ஆவியாகிப் போக ஏறக்குறைய 225 கிலோஜூல் ஆகும். அதே வெப்பத்தில் முக்கால் லிட்டர் பச்சைத் தண்ணீரைப் புதிதாகக் கொதிக்க வைத்துவிடலாம்! ‘தளதள’வென்று கொதிக்க விட்டுப் பேப்பர் புரட்டினால் கேஸ் போவது இப்படித்தான். சுக்கு, மல்லி சாறு இறங்கக் கொதிக்கத்தானே வேண்டும் என்பீர்கள். சரி, சிம்மில் வைத்து மூடிவிடுங்கள், அதுவும் கொதிதான்.

3. கெட்டிலுக்கு நேரம் பாருங்கள்

1500 வாட் கெட்டில் நிமிடத்துக்கு 0.025 யூனிட் இழுக்கும். ஒரு லிட்டர் ஊற்றி, செல்போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன்: நாலு நிமிடம். அதாவது 0.1 யூனிட். அதில் 0.084 தண்ணீருக்கே போய்விட்டது. வீண் மிகக் குறைவு. இண்டக்ஷனும் ஏறக்குறைய இதே கணக்குதான். ஆனால் பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்ட வேண்டும். எல்லா எவர்சில்வரிலும் ஒட்டாது. பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தப் பொம்மையை எடுத்து வைத்துப் பாருங்கள்.

4. கேஸோடு ஒப்பிடுங்கள்

14.2 கிலோ சிலிண்டரில் இருக்கும் வெப்பம் சுமார் 180 யூனிட். சின்னப் பாத்திரத்தைப் பெரிய பர்னரில் வைத்தால் தீ பக்கவாட்டில் ஏறி வீணாகும். பாதிதான் தண்ணீருக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம்: 90 யூனிட். சிலிண்டர் விலையை 90ஆல் வகுங்கள். 900 ரூபாய் என்றால் யூனிட்டுக்கு 10 ரூபாய். கெட்டில் இழுத்த 0.1 யூனிட்டில் 0.084 தண்ணீருக்குப் போனது, அதாவது 0.84 பங்கு. அதனால் உங்கள் கரண்ட் யூனிட் விலையை 0.84ஆல் வகுத்து இதன் பக்கத்தில் எழுதுங்கள். எது குறைவோ அது உங்களுக்குச் சிக்கனம்.

ஒரு எச்சரிக்கை: தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அதை ஃபேனும் பிரிட்ஜுமே தின்றிருக்கும். பில்லில் நீங்கள் கடைசியாகத் தொட்ட ஸ்லாபின் விலைதான் கெட்டிலுக்கு.

5. வாங்குவதானால்

கெட்டிலுக்குள் இருக்கும் ‘மினிமம்’ கோட்டைப் பாருங்கள். அது அரை லிட்டரில் இருந்தால், உங்களுக்கு இரண்டு டம்ளர் போதும் என்றாலும் அரை லிட்டர் ஊற்றியே ஆக வேண்டும். சின்னதாக வாங்குங்கள். 15 ஆம்ப்ஸ் பிளக்கில் மாட்டுங்கள். பால் ஊற்ற வேண்டாம், அடியில் பிடிக்கும். போர் தண்ணீர் என்றால் உள்ளே வெள்ளையாக உப்புப் படியும்; எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரைக் கொதிக்க வைத்து, அரை மணி நேரம் விட்டுக் கொட்டிக் கழுவினால் போய்விடும்.