பிக்கப்பை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எலக்ட்ரிக் கிட்டாரில் பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வைக் காந்தமும் கம்பிச் சுருளும் கொண்டு மின் சிக்னலாக மாற்றும் பாகம்) மாற்றினால் டோன் மாறும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மாற்றியவர்கள் சிலாகிக்கும் வித்தியாசத்தில் பெரும்பகுதிக்கும் அந்தப் பிக்கப்புக்கும் சம்பந்தமே இருக்காது. கோடம்பாக்கம், வடபழனிப் பக்கம் ஜாம் ரூம்களுக்கு இப்போது வரும் பிள்ளைகள், எங்கள் செட் அந்தக் காலத்தில் ஏமாந்த அதே இடங்களில் வரிசையாக ஏமாறுகிறார்கள். அதைப் பார்த்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

சால்டர் சரியாகப் பிடிக்காதது, டியூன் பண்ணாமல் ரெக்கார்ட் செய்வது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒருமுறை பட்டால் தானே புரிந்துவிடும். வருடக்கணக்கில் தெரியாமலே ஓடக்கூடிய தவறுகள் வேறு.

சத்தம் கூடியதை டோன் கூடியதாக நினைப்பது

இரண்டு பிக்கப்பில் எது கொஞ்சம் சத்தமாக இருக்கிறதோ அதுதான் நன்றாக இருப்பதாகத் தோன்றும். ஒரு டெசிபல் வித்தியாசம் போதும். "சத்தம் கூடியிருக்கிறது" என்று தனியாகத் தெரியாது. "உயிர் இருக்கு", "ஓபனா இருக்கு" என்றுதான் தோன்றும். காதின் குணம் அப்படி. 1933-இல் பெல் ஆய்வுக்கூடத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் இதை அளந்தே காட்டினார்கள்: சத்தம் குறையக் குறைய, பேஸ் பகுதி மற்றதைவிட வேகமாகக் காதிலிருந்து நழுவுகிறது.

ஆம்ப் நாபைத் திருப்பி உத்தேசமாகச் சமன் செய்வதில் பயனில்லை. இரண்டையும் ஆடியோ இன்டர்ஃபேஸில் நேரடியாக ரெக்கார்ட் செய்து, சராசரி அளவை மீட்டரில் பார்த்துச் சமப்படுத்துங்கள். அப்புறம் அந்த இரண்டு ஃபைலையும் ஒரே ஆம்ப் செட்டிங் வழியாகக் கேளுங்கள். பெயரை மறைத்துவைக்க வீட்டில் யாரையாவது கூப்பிட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. பெயர் தெரியாதபோது பல பேருக்கு வாய் அடைத்துப்போகும்.

பிக்கப்போடு ஸ்ட்ரிங்கையும் மாற்றிவிட்டு, பிக்கப்பைப் பாராட்டுவது

எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வரவழைப்பது இதுதான்.

பிக்கப் மாற்ற வேண்டுமானால் ஸ்ட்ரிங்கைத் தளர்த்தியாக வேண்டும். ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) என்ற ஃபெண்டர் மாடலில், பிக்கப்புகள் பதிந்திருக்கும் பிக்கார்ட் தகட்டையே கழற்ற வேண்டியிருப்பதால் ஸ்ட்ரிங் மொத்தமும் வெளியே வந்துவிடும். கழற்றிய பழைய ஸ்ட்ரிங்கைத் திரும்ப யார் மாட்டுவார்கள்? புது செட்டைப் பிரித்து மாட்டுகிறோம். ஆம்பில் செருகியதும் மேல் ஸ்தாயி பளீரென்று வருகிறது. அத்தனை பாராட்டும் பிக்கப்புக்குப் போய்விடுகிறது.

வேறு ஊரிலும் இது தவறுதான். சென்னையில் இரண்டு மடங்கு தவறு. கடல் காற்றிலும் கை வியர்வையிலும் இங்கே ஸ்ட்ரிங் வாழும் நாட்கள் குறைவு. பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கம் வீடு என்றால் கேட்கவே வேண்டாம். சுற்றுக் கம்பியின் இடுக்குகளில் அழுக்கு சேரச் சேர மேல் ஹார்மோனிக்ஸ் முதலில் செத்துப்போகும். தினமும் வாசிப்பவர் காதுக்கு அது தெரியாது. மெல்ல மெல்லப் பழகிவிடும். ஆக, நீங்கள் ஒப்பிடுவது செத்த ஸ்ட்ரிங்கில் கேட்ட பழைய பிக்கப்பையும் புது ஸ்ட்ரிங்கில் கேட்கும் புதுப் பிக்கப்பையும். சாம்பாருக்குப் பருப்பு, புளி, பொடி மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டுப் பெருங்காயத்தை மெச்சுவது மாதிரி.

திருவான்மியூர்ப் பையன் ஒருவன், கிட்டாரோடு வந்த, இரைச்சல் குறைய இரண்டு சுருள் வைத்த ஹம்பக்கர் வகைப் பிக்கப்பைக் கழற்றிவிட்டு, வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஒன்றைப் போட்டான். கஸ்டம்ஸ் வேறு கட்டியிருந்தான். "அண்ணா, வானத்துக்கும் பூமிக்கும் வித்தியாசம்ணா" என்று அன்று ராத்திரியே போன். "புது ஸ்ட்ரிங் போட்டியா?" என்று கேட்டேன். "அது எப்பவும் போடுறதுதானே" என்றான். பழைய பிக்கப்பை வந்த விலைக்குத் தள்ளியும் விட்டான். சில வாரம் கழித்து நேரிலேயே வந்து நின்றான்: "மேக்னெட் வீக்காயிடுச்சு போலண்ணா, டோன் செத்துப்போச்சு."

பிக்கப்பில் இருக்கும் அல்னிக்கோ என்ற கலப்பு உலோகக் காந்தம் சில வாரத்தில் வீக்காகாது. 1950-களின் பிக்கப்புகளை இன்றைக்கும் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். அவன் ஸ்ட்ரிங்கின் அடிப்பக்கமாக விரலை ஓட்டினேன், விரல் கறுத்தது. புது செட் மாட்டியதும் அவனுடைய "வானம்" திரும்பி வந்துவிட்டது. பழைய ஹம்பக்கரைப் புது ஸ்ட்ரிங்கோடு கேட்டுப்பார்க்கலாம் என்றால், அது யாரோ ஒருவர் கிட்டாரில் போய் உட்கார்ந்தாயிற்று. அவன் போட்ட பிக்கப் உண்மையிலேயே மேலானதாகவும் இருந்திருக்கலாம். அவனுக்கோ எனக்கோ இனி அது தெரிய வழியில்லை. இதில்தான் எனக்கு ஆத்திரம்.

செய்ய வேண்டியது சுலபம். ஒரே பிராண்ட், ஒரே கேஜ் (கம்பித் தடிமன்), ஒரே வகை ஸ்ட்ரிங் இரண்டு செட் வாங்குங்கள். நிக்கல் பூசிய ஸ்டீலுக்கும் சுத்த நிக்கலுக்கும் காந்த இழுவையே வேறு. அதனால் வகையும் மாறக் கூடாது. முதல் செட்டைப் பழைய பிக்கப்போடு மாட்டி, ஒரு நாள் இழுபட விட்டு ரெக்கார்ட் செய்யுங்கள். பிக்கப்பை மாற்றி இரண்டாவது செட்டை மாட்டுங்கள். அதே ஒரு நாள், அதே பிக் (மீட்டும் தகடு), அதே நாலு வரி வாசிப்பு. இரண்டு செட் ஸ்ட்ரிங் செலவு என்று முகம் சுளிப்பவர்கள், பிக்கப்புக்குக் கொடுத்த பில்லை எடுத்துப் பார்க்கலாம். இதில் ஒரு வசதியும் உண்டு: முதல் செட்டை மாட்டியவுடனேயே பழைய பிக்கப் நன்றாக ஒலித்துவிட்டால், வாங்கும் யோசனையையே மூட்டை கட்டிவிடலாம்.

பிக்கப்பின் உயரத்தைத் தொடாமல் தீர்ப்பு சொல்வது

ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். கடைசி ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த கம்பி) ஸ்ட்ரிங்கை அழுத்திக்கொண்டு, ஸ்ட்ரிங்கின் அடிப்பக்கத்துக்கும் பிக்கப் போலுக்கும் (ஸ்ட்ரிங்குக்குக் கீழே தெரியும் காந்த முனை) இடைவெளியை அளக்க வேண்டும். பழைய பாணி ஸ்ட்ராட் பிக்கப்புக்கு ஃபெண்டர் சொல்வது தடித்த ஸ்ட்ரிங் பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய பக்கம் 2 மி.மீ. கிப்சன் ஹம்பக்கருக்கு பிரிட்ஜ் (ஸ்ட்ரிங் முடியும் பாலம்) பக்கம் சுமார் 1.6, நெக் (கழுத்து) பக்கம் 2.4. இவை தொடங்கும் இடம்; அங்கிருந்து காதை நம்பி நகர்த்துங்கள். அரை மி.மீ. ஏற்றி இறக்கினால் கேட்கும் மாற்றம், சில பிராண்டுகளுக்கு இடையே கேட்கும் மாற்றத்தைவிட அதிகம். ரொம்ப ஏற்றினாலும் ஆபத்து. அல்னிக்கோ 5 காந்தம் ஸ்ட்ரிங்கையே இழுத்து, மேல் ஃப்ரெட்களில் சுருதி நடுங்கும். அதையும் "மட்டமான பிக்கப்" கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

ஓம் பார்த்து வாங்குவது

ரிச்சி ஸ்ட்ரீட்டில் மல்டிமீட்டர் வாங்கியதும் எல்லோருக்கும் இந்த வியாதி பிடிக்கும். "இது 8 கிலோ ஓம், அது 6, அதனால் இதுதான் ஹாட்." ஹாட் என்றால் அதிக சத்தம் தருவது. ஆனால் ஓம் என்பது கம்பியின் மின்தடை மட்டும். 42 கேஜ் கம்பிக்குப் பதில் அதைவிட மெல்லிய 43 கேஜ் சுற்றினால், சுற்று கூடாமலே ஓம் ஏறும். டெலிகாஸ்டர் என்ற ஃபெண்டர் மாடலின் நெக் பிக்கப்பில் மரபாக 43 கேஜ்தான். ஓம் அதிகம் காட்டினாலும் பிரிட்ஜ் பிக்கப்பை அது சத்தத்தில் மிஞ்சுவதில்லை. போதாததற்கு, செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.39 சதவீதம் ஏறும். 24 டிகிரி ஏசி அறையில் 7.5 கிலோ ஓம் காட்டியது, மே மாத மதியம் 38 டிகிரி மொட்டைமாடி அறையில் 7.9 காட்டும். வெயிலில் பிக்கப் ஹாட் ஆகிவிட்டது என்று சந்தோஷப்படலாம்.

பாட், கேபிள் இரண்டையும் மறப்பது

பாட் என்பது வால்யூம், டோன் நாபுக்கு அடியில் இருக்கும் மாறும் மின்தடை. ஒரே சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப்புக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 என்பது வழக்கம். மாற்றிப் போட்டால் ஒன்று கிறீச்சிடும், மற்றது மூடிக்கொள்ளும். 500 என்று அச்சடித்த பாட் 20 சதவீதம் முன்பின் இருப்பது சகஜம். 400 காட்டினாலும் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக முடியாது. அளந்து எழுதி வையுங்கள்.

கேபிளும் அப்படித்தான். சாதாரண கேபிளில் மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் (மின்னைத் தேக்கும் தன்மை) உண்டு. 2.4 ஹென்றி இண்டக்டன்ஸ் (சுருளின் மின்தூண்டல்) கொண்ட ஸ்ட்ராட் பிக்கப்பின் ஒலி உச்சம் (அது மிக எடுப்பாகத் தரும் அதிர்வெண்), 3 மீட்டர் கேபிளில் ஏறக்குறைய 4,800 ஹெர்ட்ஸில் இருந்தால் 6 மீட்டரில் 3,750-க்கு இறங்கிவிடும். வீட்டில் குட்டிக் கேபிள், ஜாம் ரூமில் நீளக் கேபிள், நடுவில் பழி பிக்கப்புக்கு.

முழு டிஸ்டார்ஷனில் ஒப்பிடுவது

எல்லாம் ஒன்றுபோலத்தான் கேட்கும்.

போன் ஸ்பீக்கரில் ஒப்பீட்டு வீடியோ பார்த்து ஆர்டர் போடுவது

வேண்டாம்.

நெக்கில் கேட்டதை பிரிட்ஜில் எதிர்பார்ப்பது

ஸ்ட்ரிங் நெக் பக்கம் அகலமாக ஆடும், பிரிட்ஜ் பக்கம் கொஞ்சமாகத்தான் ஆடும். ஒரே பிக்கப்பை இடம் மாற்றி வைத்தால் வேறு பிக்கப் மாதிரியே ஒலிக்கும். ஒப்பிடும்போது கிட்டாரும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இரைச்சலுக்கு மார்க் குறைப்பது

சிங்கிள் காயில் இரையும். அதற்காகத்தான் 1955-இல் கிப்சனில் சேத் லவர் ஹம்பக்கருக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். ஆனால் எவ்வளவு இரையும் என்பது பாதி உங்கள் அறையைப் பொறுத்தது. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். எர்த்திங் சரியில்லாத பிளக், ஃபேன் ரெகுலேட்டர், பழைய டியூப்லைட் எல்லாம் அதோடு சேர்ந்துகொள்ளும். இரைச்சலைச் சொல்லி ஒரு பிக்கப்பைத் தள்ளிவைக்கும் முன் ரெகுலேட்டரை அணையுங்கள், வேறு பிளக்கில் செருகுங்கள், உட்கார்ந்த இடத்திலேயே கிட்டாரோடு கால்வட்டம் திரும்பிப் பாருங்கள்.