பழைய குட்டி டீசல் டிராக்டர்: எதை வடிப்பது, எதை ஊற்றுவது

பழைய குட்டி டிராக்டர் ஒன்று கைக்கு வந்ததும் பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது, டிப் ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் குச்சியை) உருவிப் பார்த்துவிட்டு, குறைகிற ஆயிலை மேலே கொஞ்சம் ஊற்றி ஓட்டிப் பார்ப்பதுதான். அதைச் செய்யாதீர்கள். 1970களிலும் 80களிலும் வந்த குபோட்டா, யான்மார், இசேகி மாதிரியான சின்ன வண்டிகள் பல கை மாறி வந்தவை. உள்ளே என்ன ஆயில் கிடக்கிறது, கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பது விற்றவருக்கே தெரிந்திருக்காது. இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டுகிற ஹவர் மீட்டர் பாதி வண்டிகளில் எப்போதோ நின்றுபோயிருக்கும். அதனால் உள்ளே இருப்பதை எல்லாம் ஒரு தடவை வடித்துவிட்டுப் புதிதாகக் கணக்கைத் தொடங்குங்கள். கொஞ்சம் செலவு பிடிக்கும். ஆனால் வடிந்து வருவதைப் பார்த்தாலே வண்டி எந்த நிலையில் இருக்கிறது என்பது பாதி விளங்கிவிடும், அதனால் ஆயில் பிடிக்கிற தட்டு சுத்தமாக, அகலமாக இருக்கட்டும்.

எந்த டிரெயின் பிளக்கையும் திறப்பதற்கு முன்னால், அதே பாகத்தில் ஆயில் ஊற்றுகிற மூடி திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முப்பது நாற்பது வருஷம் திறக்காத மூடி துருவில் ஒட்டிப்போயிருக்கும். ஆயிலை முழுக்க வடித்துவிட்டு, ஊற்ற வழியில்லாமல் நிற்பது நல்ல நிலைமை இல்லை.

இன்ஜின் ஆயிலில் இருந்து தொடங்கலாம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பத்து நிமிஷம் ஓடவிட்டு, சூட்டோடு வடித்தால் அடியில் படிந்த கசடும் சேர்ந்து வரும். டீசல் இன்ஜினில் ஆயில் கறுப்பாக வருவது இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியவை மூன்று. ஆயில் தண்ணியாகி டீசல் வாடை அடித்தால், இன்ஜெக்ஷன் பம்ப் சீல் வழியாகவோ டேங்கிலிருந்து டீசலை இழுக்கிற ஃபீட் பம்பின் டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) வழியாகவோ டீசல் உள்ளே இறங்குகிறது. யாரும் ஊற்றாமலே டிப் ஸ்டிக்கில் அளவு ஏறிக்கொண்டே போவதும் இதன் அடையாளம்தான். பால் கலந்த மாதிரி வெளுத்து வந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது, இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் இருக்கிற கேஸ்கட்டைச் சந்தேகப்படலாம். மூன்றாவது, ஆயிலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கும்போது ஜிகினா போல மின்னினால் பேரிங் தேய்ந்துகொண்டிருக்கிறது. இந்த மூன்றில் எது இருந்தாலும் புது ஆயில் ஊற்றி மறைக்காமல் காரணத்தைத் தேடுங்கள்.

ஊற்றுவதற்கு 15டபிள்யூ40 டீசல் இன்ஜின் ஆயில் போதும், டின்னில் தரக் குறியீடாக ஏபிஐ சிஹெச்-4 அல்லது சிஐ-4 என்று போட்டிருந்தால் இந்தப் பழைய இன்ஜின்களுக்குத் தாராளம். விலை உயர்ந்த சிந்தெட்டிக் ஆயில் தேவையே இல்லை என்பது என் கட்சி, காசை ஃபில்டரில் போடலாம். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவி, ரப்பர் தொட்டதும் கையாலேயே முக்கால் சுற்று முறுக்கினால் சரி. ஸ்பேனர் போட்டு இறுக்கினால் அடுத்த தடவை கழற்றப் படாதபாடு படுவீர்கள். ஆயிலை ஒரேயடியாக ஊற்றாமல் கொஞ்சம் குறைத்து ஊற்றி, ஸ்டார்ட் செய்து நிறுத்தி, சில நிமிஷம் கழித்து டிப் ஸ்டிக் பார்த்து மீதியை விடுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றி ‘ஃப்ளஷ்’ பண்ணலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு, வேண்டாம். அதற்குப் பதிலாக முதல் ஆயிலை இன்ஜின் 25 மணி நேரம் ஓடியதுமே வடித்துவிட்டால் அந்தச் சுத்தத்தை ஆயிலே செய்துவிடும். அதற்கப்புறம் 100 மணி நேரத்துக்கு ஒரு முறை, அவ்வளவு ஓடாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு முறை மாற்றினால் போதும்.

உண்மையான வேலை பின்பக்கம்தான் இருக்கிறது. இந்த வகை வண்டிகள் நிறையவற்றில் கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல் (பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கிற கியர்), ஹைட்ராலிக் லிஃப்ட் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான், ஒரே தொட்டியில் கிடக்கும். அதனால் கியர் ஆயில் என்று நினைத்துக் கெட்டியான 90 நம்பர் ஆயிலை ஊற்றினால், ஹைட்ராலிக் பம்ப் அதை உறிஞ்ச முடியாமல் குளிர்ந்த நேரத்தில் கத்தும். டிராக்டருக்கென்றே வருகிற டிரான்ஸ்மிஷன்-ஹைட்ராலிக் ஆயில் தனியாக இருக்கிறது, யூடிடிஓ என்று எழுதியிருக்கும், அதையே வாங்குங்கள். பிரேக்கும் ஆயிலுக்குள் முங்கியிருக்கிற வெட் பிரேக் வண்டியாக இருந்தால் வேறு எதையும் ஊற்றவே கூடாது, பிரேக் பிடிக்கும்போது கீச்சென்று அலறும். சில மாடல்களில் கியருக்குத் தனி, ஹைட்ராலிக்குக்குத் தனி என்று பிரித்திருப்பார்கள், மேனுவல் கிடைத்தால் முதலில் அதைப் பாருங்கள்.

இங்கே உங்கள் முதல் எதிரி தண்ணீர். கியர் லீவர் அடியில் இருக்கிற ரப்பர் பூட் வெடித்திருந்தால், மழையில் நின்ற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கியிருக்கும். இருபது ரூபாய்ப் பொருளோ இருநூறு ரூபாய்ப் பொருளோ, அந்த பூட்டை மாற்றாமல் ஆயில் மாற்றுவது வீண் வேலை. வடிக்கும் முறை இது: வண்டியை முந்தைய நாளே நிறுத்தி, ராத்திரி முழுக்க அசைக்காமல் விடுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யாமல், டிரெயின் பிளக்கை முழுக்கக் கழற்றாமல் இரண்டு மூன்று மரை மட்டும் தளர்த்துங்கள். தண்ணீர் கனம் என்பதால் அடியில்தான் நிற்கும், முதலில் அதுவே சொட்டும், பிறகு வெளுத்த ஆயில், கடைசியில் நிறம் மாறாத ஆயில் வரும். தண்ணீர் கணிசமாக வந்தால், எவ்வளவு வந்தது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை ஒப்பிட உதவும். ஒரே பிளக்கோடு நின்றுவிடாதீர்கள், பின் ஆக்ஸில் இரண்டு பக்கமும், நடுவிலும் தனித்தனி பிளக்குகள் இருக்கக்கூடும், ஒன்றை விட்டாலும் சில லிட்டர் பழசு உள்ளேயே தங்கிவிடும்.

ஆயில் வடிந்ததும் ஹைட்ராலிக் உறிஞ்சு வழியில் இருக்கிற சல்லடையைக் கழற்றிக் கழுவுங்கள். லிஃப்ட் நடுங்கிக்கொண்டே ஏறுவதும், பம்ப் ஊளையிடுவதும் பாதி நேரம் பம்பின் குற்றமில்லை, இந்தச் சல்லடை அடைத்திருப்பதுதான். காந்தம் இருக்கிற பிளக்கில் மெல்லிய சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருந்தால் கவலையில்லை. நகத்தில் தட்டுப்படுகிற துண்டு இருந்தால் கியரில் ஏதோ ஒரு பல் உடைந்திருக்கலாம். வெளுத்த ஆயில் வந்த வண்டிக்கு ஒரு மாற்று போதாது, புதுசை ஊற்றி நன்றாகச் சூடாகும்வரை சில நாள் ஓட்டி மறுபடி வடிக்க வேண்டியிருக்கும். அளவு பார்க்கும் குச்சியை முழுக்கத் திருகிப் பார்ப்பதா, மரையின் மேல் வைத்துப் பார்ப்பதா என்பது மாடலுக்கு மாடல் மாறும், தெரியாமல் பார்த்தால் ஒன்றிரண்டு லிட்டர் தவறிப்போகும்.

ஃபோர் வீல் டிரைவ் என்றால் முன் ஆக்ஸிலுக்கும் ஆயில் உண்டு, அதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். 80டபிள்யூ90 கியர் ஆயில் பெரும்பாலும் ஒத்துவரும். பித்தளை, வெண்கலப் பாகம் இருக்கிற இடத்தில் ஜிஎல்-4 என்று தரம் போட்ட கியர் ஆயில் வாங்குவது பாதுகாப்பு, ஜிஎல்-5 ஆயிலில் சேர்க்கிற கந்தகச் சேர்க்கைகள் அந்த உலோகங்களை அரிக்கலாம். ஸ்டீயரிங் பாக்ஸிலும் மூடியைத் திறந்து ஆயில் அளவைப் பார்த்துவிடுங்கள்.

கூலண்ட்: எத்திலீன் கிளைக்காலும் சுத்திகரித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி, இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றம். வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டியில் துருவும் சுண்ணாம்பும் வரும், தெளியும்வரை அலசுங்கள். சில பழைய சின்ன இன்ஜின்களில் வாட்டர் பம்பே கிடையாது, சூடான தண்ணீர் மேலே ஏறுவதை வைத்தே சுற்றும், அதனால் அளவு கொஞ்சம் இறங்கினாலும் ஓட்டம் நின்று இன்ஜின் கொதித்துவிடும். இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கையே வைக்காதீர்கள். வடித்த கூலண்டை நாய் பூனை எட்டுகிற இடத்தில் வைக்க வேண்டாம், இனிப்பாக இருப்பதால் குடித்துவிடும், அது விஷம்.

டீசல் ஃபில்டர் மாற்றினால் காற்று உள்ளே போய்விடும், இன்ஜின் சுற்றும், பிடிக்காது. ஃபில்டர் மேலே இருக்கிற ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள், முதலில் நுரை வரும், அப்புறம் குமிழி விட்டு விட்டு வரும், கடைசியில் கம்பி மாதிரி இடைவிடாமல் டீசல் வந்ததும் இறுக்குங்கள். அதே மாதிரி இன்ஜெக்ஷன் பம்பில் இருக்கிற ஏர் ஸ்க்ரூவிலும் செய்யுங்கள். அதன் பிறகும் பிடிக்காவிட்டால் இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்தி, செல்ஃபில் சுற்றவைத்து அங்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். இந்தக் கட்டத்தில் கையை அருகில் கொண்டுபோகாதீர்கள், நூறு பாருக்கு மேல் அழுத்தத்தில் வருகிற டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும், அப்படி நடந்தால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். டீசல் ஃபில்டரின் கண்ணாடிக் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தங்கியிருக்கிறதா என்பதை அடிக்கடி பாருங்கள்.

ஏர் கிளீனர் ஆயில் கிண்ண வகையாக இருந்தால், கோடு வரைக்கும் மட்டும் இன்ஜின் ஆயில் ஊற்றுங்கள், ஒரு சொட்டும் கூடுதலாக வேண்டாம். அதிகமானால் இன்ஜின் அந்த ஆயிலையே உறிஞ்சி எரித்துத் தறிகெட்டு ஓடும். டீசலை நிறுத்தினாலும் நிற்காது, காற்று போகிற வாயைக் கனமான பலகையால் அடைத்தால்தான் நிற்கும். தூசியில் ரோட்டாவேட்டர் ஓட்டுகிறவர்கள் கிண்ணத்தைத் தினமும் திறந்து பார்க்கலாம், அடியில் சேறு அரை அங்குலம் சேர்ந்தால் கழுவ வேண்டிய நேரம்.

கிரீஸுக்குப் பெரிய ரகசியம் இல்லை. நிப்பிளைத் துடைத்துவிட்டு அடியுங்கள், துடைக்காமல் அடித்தால் மண்ணையும் சேர்த்து உள்ளே தள்ளுகிறீர்கள். பத்து மணி நேரத்துக்கு ஒரு தடவை, முன் ஆக்ஸில் ஊசலாடுகிற நடு முளைக்கு (பிவோட்டுக்கு) மட்டும் இன்னும் தாராளமாக. பேட்டரி கழற்றும்போது நெகட்டிவை முதலில் எடுங்கள், மாட்டும்போது கடைசியில் மாட்டுங்கள்.

வண்டியை மாசக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் டேங்கை நிரப்பி வையுங்கள், காலி இடத்தில்தான் காற்றின் ஈரம் படிந்து தண்ணீராகும். இடையில் ஸ்டார்ட் செய்தால் அரை மணி நேரமாவது நன்றாகச் சூடாகும்வரை ஓட்டி, லிஃப்டையும் நாலைந்து தடவை ஏற்றி இறக்குங்கள். ஐந்து நிமிஷம் உறுமவிட்டு அணைப்பதற்கு ஸ்டார்ட் செய்யாமலே விட்டுவிடலாம், குளிர்ந்த இன்ஜினில் எரியாத டீசலும் ஈரமும்தான் ஆயிலில் சேரும்.